நீரிலுள்ள மாசு மரபணுக்களை எப்படி மாற்றுகிறது? ஜீப்ரா மீன் கருக்களை வைத்து அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செத்து மிதக்கும் மீனைப் பார்த்து, நீர் கெட்டுவிட்டது என்று சொல்ல ஆய்வகம் வேண்டியதில்லை. உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியத்தான் ஆய்வகம் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்று 260ஆம் எண் ஏரி. கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல்எஸ்ட்ரடயோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் 2003 வரை அந்த ஏரியில் கலந்து பார்த்தார்கள். அளவு, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம்தான். பெண் மீன் தன் முட்டைக்காகச் சுரக்கும் விட்டெல்லோஜெனின் புரதம் ஆண் ஃபேட்ஹெட் மின்னோ மீன்களின் உடலில் பெருகியது. சில ஆண்டுகளுக்குள் அந்த ஏரியில் அந்த மீனே ஏறக்குறைய இல்லாமல் போனது. எண்ணிக்கை சரிவதற்கு வெகு முன்பே ஆண் மீனின் கல்லீரலில் ஒரு மரபணு தவறான நேரத்தில் விழித்துக்கொண்டிருந்தது.

அந்த விழிப்பை எண்ணாக அளப்பதற்கான வழி இது. விழித்த மரபணு ஆர்என்ஏ என்ற நகலை எழுதும், அந்த நகலின் அளவைத்தான் அளக்கப் போகிறோம். அதற்காக மரபணுத் துண்டைப் பன்மடங்காகப் பெருக்கி அளக்கும் பிசிஆர் கருவி இன்று பெரும்பாலும் நம்பத்தக்கது. பிழை நுழைவது அதற்கு முந்தைய நாட்களில், நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில். அதனால் நீருக்கும் கருவுக்கும்தான் இங்கே இடம் அதிகம்.

எந்த மாசுக்கு எந்த மரபணு

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள். "இந்த நீர் மரபணுக்களைப் பாதிக்கிறதா" என்ற கேள்விக்கு எப்போதும் ஆம் என்றே விடை வரும். நீரின் வெப்பம் மாறினாலும் மரபணுக்கள் மாறும். எந்த வகை மாசு, உயிரணுவின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று கேட்டால்தான் பயன்.

எண்ணெய்க் கழிவு, புகைக்கரி, டையாக்சின், பிசிபி எனப்படும் குளோரின் கொண்ட தொழிற்சாலைச் சேர்மங்களில் சில ஆகியவை ஏஎச்ஆர் என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கின்றன. அது உட்கருவுக்குள் போய் சிப்1ஏ மரபணுவை முடுக்கும். மீனில் இதைவிடத் தெளிவாகப் பதில் தரும் மரபணு அரிது. இயல்பு நிலையில் மிகக் குறைவாக இருந்து, சில மணி நேரத்திலேயே பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். ஜீப்ரா மீனில் ஏஎச்ஆர் மரபணு மூன்று உண்டு. இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஏஎச்ஆர்2.

ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள்களுக்கு விடிஜி1, சிப்19ஏ1பி என்று இரண்டு மரபணுக்கள். முன்னது கல்லீரலில், பின்னது மூளையில். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கல்லீரல் உருவாகாத 24 மணி நேரக் கருவில் விடிஜி1 தேடினால் எதுவும் கிடைக்காது. அதற்கு நான்கைந்து நாள் லார்வாவாவது வேண்டும். மூளையின் சிப்19ஏ1பி அதற்கு முன்பே பதில் தரத் தொடங்கும். இந்த மரபணுவின் முடுக்கியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்த மீன் கருக்களைக் கொண்டு செய்யும் சோதனையை வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2021இல் 250ஆம் எண் வழிமுறையாக ஏற்றது.

காட்மியம், பாதரசம், செம்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்களுக்கு மெட்டலோதையோனின் மரபணுவான எம்டி2. ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு ஜிசிஎல்சி, ஜிஎஸ்டிபி1. எச்எஸ்பி70 பொதுவான அபாயச் சங்கு, எதற்கும் ஊதும். அதைத் தனியாக அளந்து ஒரு மாசின் பெயரைச் சொல்ல முடியாது.

ஏன் ஜீப்ரா மீன், ஏன் கரு

மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு ஜீப்ரா மீனில் இணை உண்டு. இதன் முழு மரபணுத் தொகுதி 2013இல் வெளியானது. கரு கண்ணாடிபோல் ஒளிபுகுவது. உடலுக்கு வெளியே வளர்வது. ஒரு ஜோடி ஒரு காலையில் நூறு, இருநூறு முட்டை இடும்.

ஒரு சிக்கலும் உண்டு. டீலியோஸ்ட் எனப்படும் எலும்பு மீன்களின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுதுமாக ஒருமுறை இரட்டித்தது. அதனால் மனிதரில் ஒன்றாக உள்ள மரபணு மீனில் இரண்டாக இருக்கலாம்: ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியின் மரபணு (மேலே சொன்ன சிப்19ஏ1பி இதில் ஒன்று), சினைப்பைக்கு ஒன்றும் மூளைக்கு ஒன்றுமாகப் பிரிந்தது அப்படித்தான். எந்த மரபணுவைப் பெருக்க வேண்டும் என்று பிசிஆருக்குக் காட்டும் குறுந்துண்டான பிரைமரை வடிவமைக்கும்போது இரட்டையில் எதைப் பிடிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், தானாக இரை தேடத் தொடங்காத லார்வா விலங்குச் சோதனைக் கட்டுப்பாட்டுக்குள் வராது. ஜீப்ரா மீனுக்கு அந்த எல்லை 120 மணி நேரம் என்று கொள்கிறார்கள். பிற நாடுகளில் விதி வேறுபடும். வளர்ந்த மீன்களையும் முட்டைக்காக வளர்க்கும் தாய் மீன்களையும் வைத்திருக்க எங்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

முட்டை எடுப்பது

மீன் அறையின் விளக்கு 14 மணி நேரம் எரிந்து 10 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். நீர் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி, பிஎச் 7 முதல் 7.5. முந்தைய மாலை, அடியில் வலை பொருத்திய இனப்பெருக்கப் பெட்டியில் ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்பு வைத்து விடுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் அரை மணிக்குள் முட்டை வலை வழியே கீழே விழும். வலை இல்லையென்றால் பெற்றோரே தின்றுவிடும்.

தடுப்பை எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன "24 மணி நேரக் கரு" என்ற பேச்செல்லாம் இந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அரை மணிக்குள் கிடைத்த முட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு விழுந்தவற்றை விட்டுவிடுங்கள்.

நுண்ணோக்கியில் பார்த்து, கருவுறாதவை, வெளுத்தவை, சமமின்றிப் பிரிந்தவை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கருவுற்றவை 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்த ஈட்டை, அதாவது ஒரு ஜோடி ஒருமுறை இட்ட முட்டைத் தொகுதியை, அன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம். குறைந்தது நான்கு வெவ்வேறு ஜோடிகளின் ஈடுகள் வேண்டும், முடிந்தால் ஆறு. காரணம் கணக்குப் பகுதியில் வரும்.

கருநீரும் மாசுக் கரைசலும்

ஈ3 என்று அழைக்கப்படும் கருநீரை 60 மடங்கு அடர்வில் செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தூய நீருக்கு: சோடியம் குளோரைடு 17.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.76 கிராம், இரு நீர்மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 2.9 கிராம், ஏழு நீர்மூலக்கூறு கொண்ட மக்னீசியம் சல்பேட் 4.9 கிராம். இதில் 16.7 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கி, பிஎச் 7.2 அளவுக்குச் சரிசெய்யுங்கள். பூஞ்சைக்காக வழக்கமாகச் சேர்க்கும் மெத்திலீன் நீலத்தை இந்தச் சோதனையில் சேர்க்கக் கூடாது. அது எலக்ட்ரானை வாங்கியும் கொடுத்தும் வினைபுரியும் சாயம். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளக்கும் இடத்தில் அதை ஊற்றுவது தராசுத் தட்டில் விரலை வைப்பது போல.

நீரில் கரையும் உலோகத்துக்குக் கணக்கு எளிது. காட்மியத்தை எடுத்துக்கொள்வோம். நீர்மூலக்கூறு இல்லாத காட்மியம் குளோரைடு 16.3 மி.கி. எடுத்து 100 மி.லி. நீரில் கரைத்தால், லிட்டருக்கு 100 மி.கி. காட்மியம் உள்ள தாய்க்கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். புட்டியில் இருப்பது இரண்டரை நீர்மூலக்கூறு கொண்ட வகை என்றால் 16.3 மி.கி.க்குப் பதில் 20.3 மி.கி. வேண்டும். லேபிளைப் படிக்காமல் நிறுத்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் போய்விடும். அறிக்கையிலும் உப்பின் எடையா, காட்மியத்தின் எடையா என்று சொல்லிவிடுங்கள்.

புகைக்கரியில் உள்ள பென்சோபைரீன் போன்ற எண்ணெய் விரும்பிகள் நீரில் கரையா. அவற்றை முதலில் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைக்க வேண்டும். கரைப்பானின் அளவு 0.01 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். அதாவது லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர். லிட்டருக்கு 1, 10, 100 மைக்ரோகிராம் என்ற மூன்று செறிவு வேண்டுமானால், மி.லி.க்கு 0.01, 0.1, 1 மி.கி. என்று மூன்று தாய்க்கரைசல் தனித்தனியே செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதே 100 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். ஒரே தாய்க்கரைசலிலிருந்து வேறு வேறு அளவு எடுத்தால் கரைப்பானும் கூடவே ஏறும். பிறகு ஏறியது எதனால் என்று பிரிக்க முடியாது.

கட்டுப்பாட்டுக் குழு இரண்டு வேண்டும்: வெறும் கருநீர் ஒன்று, கருநீரோடு கரைப்பான் மட்டும் சேர்த்தது ஒன்று. மூன்றாவதாக, நிச்சயம் பதில் தரும் பொருள் கலந்த ஒரு குழு. சிப்1ஏ-க்கு பீட்டா-நாப்தோஃபிளேவோன், ஈஸ்ட்ரோஜன் மரபணுக்களுக்கு எத்தினைல்எஸ்ட்ரடயோல், எம்டி2-வுக்குக் காட்மியம். இந்தக் குழுவில் ஏற்றம் இல்லையென்றால் பிரைமரிலோ கருவிலோ கோளாறு; மற்ற குழுக்களின் எண்களைப் பார்க்கவே வேண்டாம்.

எழுதிய செறிவும் இருக்கும் செறிவும்

எண்ணெய் விரும்பிகள் பிளாஸ்டிக்கை நீரைவிட அதிகம் விரும்பும். காலையில் ஊற்றிய பென்சோபைரீனில் பெரும்பகுதி மாலைக்குள் தட்டின் சுவரில் ஒட்டியிருக்கலாம். அதனால் கண்ணாடிக் குவளை வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு தவிர்க்க முடியாததென்றால், முந்தைய நாளே அதே கரைசலை ஊற்றி 24 மணி நேரம் வைத்துச் சுவரை நிறைத்து, பிறகு கொட்டிவிட்டுப் புதிய கரைசலை ஊற்றுங்கள். பென்சோபைரீன் ஒளியில் சிதையும். மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். இன்னொன்று, அதன் நீர்க்கரைதிறன் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே. நூறு என்று எழுதிவிட்டால் நூறு கரைந்துவிடாது. மிச்சம் கண்ணுக்குத் தெரியாத துகளாக மிதக்கும் அல்லது அடியில் படியும்.

இதற்கு ஒரே மருந்து அளப்பதுதான். ஊற்றிய உடனும், 24 மணி நேரம் கழித்து நீரை மாற்றுவதற்கு முன்பும் மாதிரி எடுத்து, உலோகமென்றால் ஐசிபி-எம்எஸ் என்ற நிறைநிரல் முறையிலும், கரிமப் பொருளென்றால் நிறப்பிரிகை முறையிலும் அளக்கச் செய்யுங்கள். எழுதிய செறிவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அறிக்கையில் அளந்த எண்ணையே தர வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது

சாகும் உயிரணுவில் எல்லா மரபணுவும் கலங்கும். அது மாசின் தனிப்பட்ட செய்தி அன்று, சாவின் பொதுவான கூச்சல். ஆகவே முதலில் சாவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இதற்கு ஓஇசிடி 236ஆம் எண் வழிமுறை, 2013இல் ஏற்கப்பட்டது, போதும்: 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு கரு, செறிவுக்கு 20 கரு, 26 டிகிரியில் 96 மணி நேரம். நாள்தோறும் நான்கு அடையாளம்: கரு உறைந்து வெளுத்தல், உடற்கண்டங்கள் தோன்றாமை, வால் மஞ்சள்கருவிலிருந்து பிரியாமை, இதயத் துடிப்பின்மை. கட்டுப்பாட்டுக் குழுவில் 90 விழுக்காடு பிழைக்க வேண்டும். லிட்டருக்கு 4 மி.கி. 3,4-டைகுளோரோஅனிலின் கொடுத்த குழுவில் குறைந்தது 30 விழுக்காடு சாக வேண்டும். சாகாவிட்டால் கருவோ கரைசலோ சரியில்லை.

பாதிக் கருக்கள் சாகும் செறிவு கிடைத்ததும், மரபணுச் சோதனையின் உச்சச் செறிவை அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே வையுங்கள். அதிலிருந்து மூன்று மடங்கு அல்லது பத்து மடங்கு இடைவெளியில் இறங்கி, கடைசிச் செறிவு உண்மையில் ஆறுகளில் காணப்படும் அளவைத் தொடட்டும்.

கருக்களை மாசுநீரில் விடுவது

ஒரு கருவுக்கு 2 மி.லி. என்ற கணக்கில், 25 கருவுக்கு 50 மி.லி. குவளை. ஒவ்வொரு ஈட்டின் முட்டைகளையும் எல்லாச் செறிவுகளுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். ஒரு தாயின் முட்டை முழுதும் ஒரு செறிவுக்கும், வேறு தாயின் முட்டை முழுதும் வேறு செறிவுக்கும் போய்விட்டால், நீங்கள் அளப்பது மாசை அல்ல, குடும்பத்தை.

எப்போது தொடங்குவது? கருவுற்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் உறங்குகின்றன; இருக்கும் ஆர்என்ஏ தாய் வைத்துவிட்டது. அந்த நேரத்தில் மரபணுச் செயல்பாட்டை அளந்தால் தாயைத்தான் அளக்கிறீர்கள். சிப்1ஏ-க்கு, உறுப்புகள் அமைந்த 72ஆம் மணியில் மாசைக் கொடுத்து 96ஆம் மணியில் எடுப்பது பாதுகாப்பான வழி. வளர்ச்சி மீதான தாக்கம்தான் கேள்வி என்றால் நான்காவது மணியிலிருந்தே கொடுக்க வேண்டும். அப்போது அடுத்த பகுதியில் சொல்லும் ஆபத்து பெரிதாகிறது.

கருவைச் சுற்றிய கோரியான் உறையில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துளைகளே உண்டு. பெரிய மூலக்கூறும் திரண்ட நுண்துகளும் வெளியிலேயே நிற்கும். காட்மியம் உறையிலேயே கணிசமாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பொருளுக்கு, கரு பொரிந்து வந்த பிறகு கொடுப்பதே நேர்மையான அளவு.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரில் 90 விழுக்காட்டை மாற்றுங்கள், செத்தவற்றை உடனே எடுங்கள். குவளைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வெப்பப்பெட்டியில் கதவோரம் எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி. எல்லாவற்றையும் நாளின் ஒரே நேரத்தில் எடுங்கள். மீன் கருவின் உயிர்க்கடிகாரம் ஒளிக்கேற்ப ஓடுகிறது. காலை எட்டு மணிக் குழுவையும் மதியம் இரண்டு மணிக் குழுவையும் ஒப்பிட்டால் கடிகாரத்தின் வேறுபாடு மாசின் கணக்கில் ஏறிவிடும். பலமான ஒளியே சிப்1ஏ-யைக் கிளப்பக்கூடியது. நுண்ணோக்கி விளக்கின் கீழ் ஒரு குழுவை மட்டும் நெடுநேரம் வைக்காதீர்கள்.

மாசா, தாமதமா?

இந்தத் துறையில் வெளிவரும் முடிவுகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரிக்கும் கேள்வி இதுதான்.

கரு வளரும் ஒவ்வொரு மணியிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஏறியும் இறங்கியும் வருகின்றன. மாசு கருவின் வளர்ச்சியை மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளினால், 24ஆம் மணியில் எடுத்த கரு உண்மையில் 21 மணி நேரக் கரு. கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடும்போது தசை மரபணுக்கள் "அடங்கின", நிறமி மரபணுக்கள் "அடங்கின" என்று நீண்ட பட்டியல் வரும். மாசு அவற்றில் எதையும் தொட்டிருக்காது. கரு மெதுவாக வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

வெப்பமும் இதையே செய்யும். 28.5 டிகிரியில் 24 மணி நேரத்தில் அடையும் நிலையை, 26 டிகிரியில் அடைய ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும். 236ஆம் எண் வழிமுறையின் 26 டிகிரியில் வளர்த்த கருவை, 28.5 டிகிரிக்கு எழுதிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டுக் குழம்புவோர் பலர்.

தாமதத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 10 முதல் 24 மணி நேரம் வரை, முதுகு நெடுக அடுக்கடுக்காகத் தோன்றும் உடற்கண்டங்களை எண்ணுங்கள். மணிக்குச் சுமார் இரண்டு வீதம் கூடும். நான்கு கண்டம் குறைந்தால் இரண்டு மணி நேரத் தாமதம். அதற்குப் பிறகு தலைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம்: கரு சுருண்டிருந்து நிமிர நிமிர அது குறையும். 24 மணியில் சுமார் 120 டிகிரி, 36இல் 75, 48இல் 45. ஒவ்வொரு குவளையிலும் ஐந்தாறு கருவைப் பக்கவாட்டில் படமெடுத்து, எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் அளக்கக் கொடுங்கள்.

தாமதம் தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. செறிவைக் குறைக்கலாம். மணியைப் பாராமல் நிலையைப் பார்த்து, இரு குழுவும் ஒரே கண்ட எண்ணிக்கையை அடையும்போது எடுக்கலாம். அல்லது கட்டுப்பாட்டுக் குழுவில் 20, 22, 24 மணி என மூன்று புள்ளிகளில் மாதிரி எடுத்து, எந்த மரபணு வளர்ச்சியால் மட்டும் மாறுகிறது என்று தனியே அறியலாம். வேலை கூடினாலும் மூன்றாவதுதான் மிகுந்த தெளிவைத் தரும்.

ஆர்என்ஏ பிரித்தல்

20 முதல் 25 கரு சேர்ந்தது ஒரு மாதிரி. 5 நாள் லார்வா என்றால், சோடியம் பைகார்பனேட்டால் பிஎச் 7-க்குக் கொண்டுவந்த டிரைகைன் என்ற மயக்கமருந்துக் கரைசலில் முதலில் வேதனையின்றி அடக்குங்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே கால அளவு. பிறகு நீரை முழுதும் உறிஞ்சி எடுங்கள். மிஞ்சும் நீர், ஆர்என்ஏ-வைப் பிரிக்க உதவும் டிரைசால் திரவத்தை நீர்க்கச் செய்து ஆர்என்ஏ-வைக் கெடுக்கும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம், அல்லது உடனே தொடரலாம்.

ஒரு மி.லி. டிரைசாலில் போட்டுச் சிறு உலக்கையால் துகளே தெரியாதபடி அரைத்து, பிறகு மெல்லிய ஊசி வழியே பத்துமுறை இழுத்து விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து 0.2 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்து 15 நொடி குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுங்கள். குழாயில் மூன்று அடுக்கு தெரியும்: மேலே நிறமற்ற நீர், நடுவில் வெள்ளைப் படலம், கீழே இளஞ்சிவப்பு. மீன் கருவில் மஞ்சள்கரு மிகுதி என்பதால் நடுப்படலம் தடித்துத் தளர்வாக இருக்கும். மேல்நீரில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் புரதமும் டிஎன்ஏ-வும் கூடவே வரும். மேல்நீர் கலங்கலாக இருந்தால் இன்னொருமுறை குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றுங்கள்.

அரை மி.லி. ஐசோபுரோபனால் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் பத்து நிமிடம் சுழற்றினால் அடியில் வெண்திட்டு தெரியும். 75 விழுக்காடு எத்தனாலில் கழுவி, 7,500 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, காற்றில் ஐந்து நிமிடம் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்து கண்ணாடிபோல் ஆனால் கரைய மறுக்கும். 30 மைக்ரோலிட்டர் நியூக்ளியேஸ் இல்லாத நீரில் கரைத்து, டிஎன்ஏஸ் நொதியால் மீதி டிஎன்ஏ-வை நீக்குங்கள்.

260 நானோமீட்டர் அலைநீளத்துக்கும் 280க்குமான ஒளியுறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 2.1 வரை இருக்கட்டும். 260க்கும் 230க்குமானது 1.5க்குக் கீழே போனால் உப்போ ஃபீனாலோ மிஞ்சியிருக்கிறது. மீண்டும் எத்தனாலால் வீழ்த்திக் கழுவுங்கள். வேலை முழுதும் புகைபோக்கி அறையில். டிரைசால் கழிவில் எக்காரணம் கொண்டும் பிளீச் ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பென்சோபைரீனும் காட்மியமும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதி செய்யப்பட்டவை. மாசுநீர் ஒரு சொட்டும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகக் கூடாது, தனிக்கலனில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

சிடிஎன்ஏ-வும் கியூபிசிஆரும்

எல்லா மாதிரியிலிருந்தும் ஒரே அளவு, ஒரு மைக்ரோகிராம் ஆர்என்ஏ எடுத்து 20 மைக்ரோலிட்டரில் சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏ-வின் டிஎன்ஏ நகல், செய்து, பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிர்ப்படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயும் வேண்டும். கியூபிசிஆர் என்ற அளவீட்டுப் பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிக்கும். அதில் அந்தக் குழாய் உண்மையான மாதிரியைவிட ஏழு சுழற்சியாவது பிந்தி எழுந்தால், டிஎன்ஏ கலப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று பொருள்.

பிரைமர், 80 முதல் 150 இணை நீளத் துண்டைப் பெருக்கட்டும். இரண்டு எக்ஸான்களின், அதாவது முதிர்ந்த ஆர்என்ஏ-வில் எஞ்சும் மரபணுப் பகுதிகளின், சந்திப்பில் அமரட்டும். 10 மைக்ரோலிட்டர் வினைக்கு: இருமடங்கு அடர்வுள்ள சைபர் ஒளிர்சாயக் கலவை 5, பத்து மைக்ரோமோலார் பிரைமர் இரண்டும் தலா 0.3, சிடிஎன்ஏ 2, நீர் 2.4 மைக்ரோலிட்டர். 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95இல் 10 நொடி, 60இல் 30 நொடி என 40 சுழற்சி, கடைசியில் பெருகிய துண்டு எந்த வெப்பத்தில் பிரிகிறது என்று காட்டும் உருகுவளைவு. வளைவில் ஒரே சிகரம் இருக்க வேண்டும். சிடிஎன்ஏ-வைப் பத்து பத்து மடங்காக ஐந்துமுறை நீர்த்துச் செயல்திறனைச் சோதியுங்கள்: சாய்வு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையில், அதாவது செயல்திறன் 90 முதல் 110 விழுக்காடு.

மாதிரிகளுக்கிடையே அளவைச் சமன்செய்ய உதவும் ஒப்பீட்டு மரபணுவாக பீட்டா-ஆக்டினைப் பழக்கத்தால் எடுக்காதீர்கள். வளர்ச்சியோடும் சில மாசுகளோடும் அது மாறுகிறது. இஎஃப்1 ஆல்ஃபா, ஆர்பிஎல்13ஏ போன்ற மூன்று நான்கை உங்கள் மாதிரிகளிலேயே ஓட்டிப் பார்த்து, எந்தக் குழுவிலும் அசையாத இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

செய்துகாட்ட ஒரு எண். கட்டுப்பாட்டில் சிப்1ஏ 27.4ஆம் சுழற்சியில், ஒப்பீட்டு மரபணு 18.2இல் எழுகிறது என்று கொள்வோம், வேறுபாடு 9.2. மாசுக் குழுவில் 22.9, 18.3, வேறுபாடு 4.6. இரண்டின் இடைவெளி 4.6 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியும் இருமடங்கு என்பதால், 2 என்ற எண்ணின் 4.6ஆம் அடுக்கைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 24. ஆக, சிப்1ஏ 24 மடங்கு ஏறியிருக்கிறது. இரு பிரைமர்களின் செயல்திறனும் 100 விழுக்காட்டுக்கு அருகில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

புள்ளியியல் சோதனையை 24 என்ற மடங்கின் மீது நடத்தாதீர்கள். சுழற்சி வேறுபாட்டின் மீது நடத்துங்கள். மடங்குகள் ஒரு பக்கம் நீண்டு சாய்ந்தவை, சுழற்சி வேறுபாடு அப்படி இல்லை. ஒப்பிடுவது கரைப்பான் குழுவோடு.

எண்ணிக்கை என்பது ஈடுகளின் எண்ணிக்கை. ஒரே குவளையின் 25 கரு ஒரு மாதிரிதான். அதைப் பிசிஆரில் மும்முறை ஓட்டினால் பைப்பெட் பிடித்த கையின் துல்லியம் தெரியும், அவ்வளவே. நான்கு ஜோடிகளின் ஈடு என்றால் எண்ணிக்கை நான்கு. இதை மறைத்துப் பன்னிரண்டு என்று எழுதிய வரைபடங்கள் நிறையவே உண்டு. பிழைக்கோடுகள் மிகக் குறுகி இருந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

எல்லா மரபணுவையும் ஒருசேரப் பார்க்க

எந்தக் கதவைத் தட்டுகிறது என்றே தெரியாத மாசுக்கு ஆர்என்ஏ வரிசையாக்கம். சிதையாமையைக் காட்டும் தர எண் 8-க்கு மேல் உள்ள ஆர்என்ஏ, மாதிரிக்கு 2 முதல் 3 கோடி வாசிப்பு, குழுவுக்கு ஆறு ஈடு. பணம் குறைவென்றால் வாசிப்பைக் குறையுங்கள், ஈட்டைக் குறைக்காதீர்கள். மரபணுவாரியாக எண்ணியபின் டெசீக்2 போன்ற நிரலில் ஈட்டையும் ஒரு காரணியாகச் சேர்த்து ஒப்பிட்டு, தவறான கண்டுபிடிப்பு வீதத்தை 5 விழுக்காட்டில் நிறுத்துங்கள். பட்டியலின் உச்சியில் வளர்ச்சி மரபணுக்களே நிறைந்திருந்தால் தாமதப் பகுதிக்குத் திரும்புங்கள். முக்கியமான ஐந்தாறு மரபணுவைப் புதிய ஈடுகளில் கியூபிசிஆரால் சரிபாருங்கள். பழைய ஆர்என்ஏ-விலேயே சரிபார்த்தால் கருவியைச் சோதித்ததாகுமே தவிர, முடிவைச் சோதித்ததாகாது.

ஆற்றுநீரிலும் ஆற்றுமீனிலும்

ஆற்றுநீரைக் கருவுக்குக் கொடுக்கும்போது முதலில் அதன் உப்பு, கடினத்தன்மை, பிஎச், ஆக்சிஜன், அம்மோனியா ஆகியவற்றை அளந்துவிடுங்கள். கடினநீரில் கால்சியம் போட்டியிடுவதால் காட்மியத்தின் தாக்கம் குறையும். மட்கிய இலைப்பொருள் உலோகத்தைக் கட்டி வைத்துக்கொள்ளும். அதே உப்பும் கடினத்தன்மையும் கொண்ட செயற்கை நீர்தான் அங்கே சரியான கட்டுப்பாடு.

ஆற்றில் பிடித்த மீனின் கல்லீரலில் சிப்1ஏ குறைவாக இருந்தால் நீர் தூய்மை என்று உடனே எழுதிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் முப்பது ஆண்டு அளவுக்குப் பிசிபி கலந்தது. அங்குள்ள டாம்காட் மீன்களில் பெரும்பாலானவற்றின் ஏஎச்ஆர்2 மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2011இல் கண்டறிந்தார்கள். அந்த ஏற்பி பிசிபியைச் சரியாகப் பற்றுவதில்லை. அதனால் கடும் மாசிலும் சிப்1ஏ எளிதில் ஏறுவதில்லை. மீனும் பிழைத்துக்கொள்கிறது, நஞ்சைத் தன் உடலில் சுமந்தபடி. எனவே களத்தில் பிடித்த மீனோடு, அதே நீரிலும் அதே வண்டலின் சாற்றிலும் ஆய்வகத்து ஜீப்ரா மீன் கருக்களையும் விட்டு அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திசுவில் சேர்ந்துள்ள மாசையும் அளந்து மூன்றாவது எண்ணாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.